அடுப்பைக் காணாத ஜூஸ்

எங்கள் வீட்டில் ஒரே ஓர் அடுப்புதான். அது என் அம்மாவுடையது. அத்தை கண்ணாயி பதினைந்து வருடங்களாக எங்களோடு இருக்கிறாள். அந்த அடுப்பில் அவள் ஒரு நாள்கூட உலை வைத்ததில்லை. அம்மா தடுத்ததும் இல்லை, அத்தை கேட்டதும் இல்லை. இரண்டு பேருக்கும் சண்டையும் கிடையாது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் என் அப்பாதான் கஞ்சி வைப்பார். அத்தை விறகு பிளந்து கொடுப்பாள், அரிசி களைந்து கொடுப்பாள், அடுப்புக்கு ஓரடி தள்ளி நின்றுகொள்வாள்.

"நீயே வெச்சா என்ன அத்தை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது உங்கம்மா அடுப்பு கண்ணு" என்றாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பதினாறு வயதில் அவளைக் குப்பனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். எட்டு வருடம் கழித்து அவள் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அத்தை துணி மூட்டையையும் ஒரு மத்தையும் எடுத்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டாள். ஏன் மத்து என்று கேட்டால் சிரிப்பாள். "அவனை நாலு போடலாம்னு எடுத்தேன். போடல. கையிலயே வந்துடுச்சு."

ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து நாலு மைல் நடந்தால் எங்கள் ஊர். வந்த நாளிலிருந்து அத்தை பக்கத்து எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறாள். மார்கழி, தையில் காப்பிப் பழம் பறிப்பாள். அது முடிந்தால் மிளகு. ஆடி, ஆவணியில் பட்டர் ஃப்ரூட். பட்டர் ஃப்ரூட் மரம் நெட்டையாக வளரும். மூங்கில் கழியின் நுனியில் வளையமும் சாக்குப் பையும் கட்டி, ஒவ்வொரு காயாக அதற்குள் விழுத்த வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட காய் பழுக்காது, உள்ளே கறுத்துவிடும். அத்தை ஒரு நாளில் இரண்டு காய்க்கு மேல் தவற விட்டதில்லை என்று எஸ்டேட் ரைட்டரே சொல்வார்.

நடுவில் ஒரு வருடம் அவள் எஸ்டேட் பங்களாவில் பாத்திரம் கழுவினாள். அங்கே பாக்கியநாதன் என்று ஒரு சமையல்காரர். அவர் மிக்ஸியில் பட்டர் ஃப்ரூட்டும் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்து, ஐஸ் கட்டி மிதக்க விட்டுத் துரை வீட்டு விருந்தாளிகளுக்குக் கொடுப்பார். அத்தைக்கு ஒரு டம்ளர் யாரும் கொடுத்ததில்லை. கழுவ வரும் மிக்ஸி ஜாரின் அடியில், பிளேடைச் சுற்றிக் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தே என்னென்ன சேர்கிறது என்று கண்டுபிடித்தாள். அடுத்த வருடம் பங்களாவை விற்றுவிட்டார்கள். மிக்ஸி போய்விட்டது. ருசி அத்தையிடம் இருந்தது.

எங்கள் வீட்டில் மிக்ஸி இல்லை. ஐஸ் இல்லை. அத்தை வேறு வழி பண்ணினாள்.

நன்றாக முற்றிய காயைக் காம்போடு கொண்டு வந்து ராகி மூட்டைக்குள் புதைத்து வைப்பாள். நாலாம் நாள், ஐந்தாம் நாள் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே கொட்டை ஆடினால் பழம் தயார். கத்தி வைத்தால் அந்த இடம் கறுக்கும் என்று, தோலைக் கையாலேயே உரிப்பாள். கொட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோல் ஒரு துணுக்குக்கூட விழக் கூடாது, அது துவர்க்கும். அம்மா காலையில் காய்ச்சி இறக்கிய பாலில் ஒரு சொம்பு வாங்கி, வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குப் பின்னால் ஊற்று விழும் குழியில் கழுத்து வரை இறக்கி வைப்பாள். எங்கள் ஊற்றுத் தண்ணீர் கோடையிலேயே பல்லைக் கூசவைக்கும். நடுப்பகலுக்குள் பால் சில்லென்று ஆகிவிடும். பிறகு மண்சட்டியில் பழத்தைப் போட்டு மசித்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அந்தக் குப்பனூர் மத்தால் கடைவாள். சர்க்கரை, ஒரு ஏலக்காய், கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. உப்பு போட்டதும்தான் பழத்தின் வாசனையே எழும்பும். வெளிர் பச்சையாக, தளதளவென்று, மத்தைத் தூக்கினால் நூல் மாதிரி இறங்கும்.

இதற்கு அடுப்பு வேண்டாம். அதனால்தான் அவள் இதை இத்தனை பிடிவாதமாகச் செய்தாள் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வீட்டில் அவள் கையால் செய்து எங்களுக்குக் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான்.

போன வருடம் மார்ச்சில் நான் பிளஸ் டூ எழுதி முடித்தேன். டவுனில், மலைப் பெண் பிள்ளைகளுக்கான ஹாஸ்டலில் தங்கித்தான் படித்தேன். ஹாஸ்டல் வார்டன் ஞானசுந்தரி டீச்சர். ரிசல்ட் வந்து, மார்க் சுமாராக இருந்து, மேலே என்ன செய்வது என்று தெரியாமல் நான் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த மாதங்களில் எனக்கு எங்கள் வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை. சுவரில் அடித்திருந்த சாணி, கோழி நடமாடும் சமையற்கட்டு, அப்பா சத்தமாகக் காறித் துப்புவது எல்லாமே கண்ணை உறுத்தின. சேலம் பஸ்ஸின் ஹாரன் எங்கோ கொண்டை ஊசி வளைவில் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன்.

அப்போதுதான் ஹாஸ்டலுக்குச் சமையலம்மா தேவை என்று தெரிந்தது. இருந்தவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வருடம் வைகாசியில் எங்கள் மலைக்கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த ஞானசுந்தரி டீச்சர், கோயில் பந்தியில் அத்தை பொங்கிய சாமைச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் சாப்பிட்டிருந்தார். திருவிழாவில் எல்லோர் அடுப்பும் பொது அடுப்பு, அங்கே அத்தை பிய்த்து உதறிவிடுவாள். "யார் சமைச்சது?" என்று கேட்டு வைத்துக்கொண்ட டீச்சர், எனக்கு ஆள் அனுப்பினார். நான் ஹாஸ்டலுக்குப் போனபோது, "உங்க அத்தை வருவாங்களா? எதுக்கும் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பேசறேன்" என்றார். நானும் சந்தோஷத்தில், "அத்தை பட்டர் ஃப்ரூட் ஜூஸ் போட்டா அதுமாதிரி எங்கயும் கெடைக்காது டீச்சர்" என்று அளந்துவிட்டு வந்தேன்.

அத்தையிடம் சொன்னபோது அவள் கழியில் பை கட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அங்க சமைக்கறவங்களுக்குத் தங்க எடம் உண்டா கண்ணு?"

"ஒரு ரூம் இருக்கு அத்தை. சமையக்கட்டுக்கு ஒட்டினாப்ல."

"அடுப்பு எத்தனை?"

"பெருசு ரெண்டு, சின்னது ஒண்ணு."

"மூணு அடுப்பா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து வந்து போனது.

டீச்சர் வருவதாகச் சொன்னது ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் அப்பாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அத்தை விடியற்காலையிலேயே வாசல் மெழுகி, இருந்த நாலு டம்ளரையும் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். ராகி மூட்டையிலிருந்து ஆறு பழம் எடுத்து, காதோரம் ஆட்டி, மூன்றைத் தேர்ந்தெடுத்து, மீதியைத் திரும்பப் புதைத்தாள். பதினொரு மணிக்கெல்லாம் ஜூஸைக் கடைந்து, ஒரு தூக்குப் போசியில் ஊற்றி மூடி, ஊற்றுக் குழியில் இறக்கிவிட்டாள்.

"நான் அவங்ககிட்டப் பேசிட்டிருக்கப்ப நீ எடுத்து டம்ளர்ல ஊத்திக் கொண்டா சாமி. அப்படியே எடுத்து ஊத்து. ஒண்ணும் பண்ண வேண்டாம்."

ஒன்றும் பண்ண வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

டீச்சர் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. மேகம் வாசல் வரைக்கும் வந்து நின்றது. கூட ஹாஸ்டல் ரைட்டர் கோவிந்தராஜ் வந்திருந்தார். சேலத்துக்காரர், குளிர் தாங்காதவர். மஃப்ளரைக் காது வரைக்கும் சுற்றி, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே பாயில் உட்கார்ந்தார். டீச்சர் இருமிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, இந்தக் குளிர்ல எப்படித்தான் இருக்கீங்களோ" என்றார் கோவிந்தராஜ்.

"எங்களுக்குக் கீழ வந்தாத்தானுங்க காய்ச்சல் வருது" என்றாள் அத்தை. டீச்சர் சிரித்தார். பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் போய் ஊற்றிலிருந்து போசியை எடுத்து வந்தேன். சமையற்கட்டுக்குள் நின்றால் முன்னறையில் பேசுவது எல்லாம் கேட்கும்.

"ஜூஸெல்லாம் போடுவீங்களாமே? எங்க கத்துக்கிட்டீங்க?"

"பங்களாவுல பாத்திரம் கழுவினேனுங்க டீச்சர். ஜாருல ஒட்டிட்டிருக்கறத வழிச்சு நக்கிப் பாத்துத்தானுங்க கத்துக்கிட்டேன்."

கோவிந்தராஜ் கடகடவென்று சிரித்தார். "அப்ப துரையோட எச்சிக் காலேஜ்ல படிச்சவங்கன்னு சொல்லுங்க!"

அத்தையும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் காது இரண்டும் எரிந்தன. இதை ஏன் சொல்ல வேண்டும்? சமையல்காரரிடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் போதாதா? பள்ளிக்கூடத்தில் கீழே சமவெளியிலிருந்து வந்த ஒருத்தி, மலைக்காரர்கள் எல்லாவற்றையும் பச்சையாகவே சாப்பிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. போசியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. மழையில் நனைந்து, இருமிக்கொண்டு வந்திருக்கிற டீச்சருக்கு இதையா கொடுப்பது?

எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணியில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆவி பறக்காத எதையும் கொடுக்க மாட்டோம். தண்ணீர் கேட்டால்கூட ஒரு கொதி விட்டுத்தான் கொடுப்போம். பச்சைத் தண்ணீர் கொடுத்தால் மதிக்கவில்லை என்று அர்த்தம். அது சின்ன வயதிலிருந்து பார்த்தது. எங்கள் வீட்டில் எதிலாவது நான் குறை காண முடியாது என்றால் அது இந்த மரியாதை ஒன்றில்தான். அதையாவது சரியாகச் செய்வோம் என்று நினைத்தேன்.

அம்மாவின் அடுப்பில் கங்கு இருந்தது. போசியை அதன் மேல் வைத்து ஊதினேன். ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கி, மூன்று டம்ளரில் ஊற்றினேன். பச்சை நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஆவி நன்றாகப் பறந்தது. ருசி பார்க்கவில்லை. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஆவியைப் பார்த்ததுமே அத்தையின் முகம் மாறியது. அவள் எழுந்திருப்பதற்குள் டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டார்.

பட்டர் ஃப்ரூட் சூடு பட்டால் கசக்கும். வேப்பிலை போலக் கசக்காது, விழுங்கின பிறகு அடிநாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு போகவே போகாது. டீச்சர் கஷ்டப்பட்டு விழுங்கினார். கோவிந்தராஜ் எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, ஜூஸுன்னு சொல்லிட்டுக் கசாயம் குடுத்துட்டீங்களே! இருமலுக்கு நல்லதுங்களா இது?"

டீச்சர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "என்னங்க கண்ணாயி, ஏன் இப்படிக் கசக்குது?"

அத்தை மூன்றாவது டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வர்றப்பவே நாந்தானுங்க அடுப்புல வெச்சேன். குளிரா இருக்குதேன்னு. தப்புத்தானுங்க."

சொல்லிவிட்டு மறுபடி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். "இல்லீங்க டீச்சர், நான்தான்." இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? கோவிந்தராஜ் என்னைப் பார்த்து, படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பாரோ என்றுதான் அப்போது எனக்குப் பயம். கடைசி வரை நான் தலை நிமிரவில்லை.

சாயந்திரம் சந்தையிலிருந்து வந்த அம்மா கங்கைக் கிளறிக்கொண்டே, "யாரு அடுப்பத் தொட்டது?" என்று கேட்டாள். "நாந்தான் அண்ணி" என்றது அத்தையின் குரல் வெளியிலிருந்து. அம்மா கையிலிருந்த குச்சியோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பதினாலு வருசமாத் தொடாதவ இன்னிக்குத் தொட்டாளா?" என்று மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டேன்.

டீச்சரிடமிருந்து தகவல் வரவில்லை. முதல் வாரம் அத்தை யார் தலை தெரிந்தாலும் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது வாரம் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நான் ஹாஸ்டலுக்குப் போக வேண்டி வந்தது. சேலத்தில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. டீச்சர் நல்லபடியாகத்தான் பேசினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'நேர்மையும் நல்லொழுக்கமும் உடையவர்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். உள்ளே சமையற்கட்டில் யாரோ புது ஆள் சாம்பாருக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"ஆள் வந்தாச்சுங்களா டீச்சர்?"

"அடிவாரத்துலருந்து ஒருத்தங்க. போன திங்கக்கிழமைதான் சேந்தாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க அத்தையத்தான் எடுக்கணும்னு இருந்தேன். திருவிழாச் சாப்பாடு அப்படி இருந்துச்சு. ஆனா தனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணையே அடுப்புல வெச்சுக் கெடுத்துட்டேன்னு அவங்களே சொல்றாங்க. வந்தவங்களைப் பாத்துப் பதட்டப்பட்டு இப்படிப் பண்றவங்களை நம்பி நாப்பது புள்ளைங்க சோத்தை எப்படி விடறது, சொல்லு?"

கையிலிருந்த சான்றிதழின் சீல் இன்னும் காயவில்லை. என் கட்டை விரலில் ஊதா மை ஒட்டிக்கொண்டது.

"அடுப்புல வெச்சது நான் டீச்சர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அன்னிக்கு நீ அங்கதானே நின்னுட்டிருந்தே?" என்று மட்டும் கேட்டார். நான் சான்றிதழை மேஜை மேல் வைத்தேன். அவர் அதை என் பக்கம் தள்ளினார். "வெச்சுக்க. எழுதினதை நான் கிழிக்க மாட்டேன். வந்த அம்மாளையும் அனுப்ப முடியாது. நீ போய் அவங்ககிட்டச் சொல்லு."

ஒண்டிக்கடையில் எங்கள் பக்கம் போகும் ஜீப் நின்றிருந்தது. நான் ஏறவில்லை, நடந்தேன். எஸ்டேட்டுக்குள் அத்தை கழியை உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல, பையில் விழுந்த காயை இறக்கி, கூடையில் வைத்து, மறுபடி கழியை உயர்த்தினாள். நான் முடித்த பிறகுதான் கழியை மரத்தில் சாய்த்தாள்.

"நீ சூடு பண்ணினது தெரியாமப் பண்ணினது. அதுக்கு எனக்குக் கோவமில்ல" என்றாள். "நாந்தான்னு நான் சொன்னேன் பாரு, நான் வாய மூடினதும் 'இல்ல, நான்'னு நீ சொல்லுவேன்னு பாத்துட்டே நின்னேன். டீச்சர் செருப்பு மாட்டற வரைக்கும் பாத்தேன். வேலி தாண்டிப் போற வரைக்கும் பாத்தேன்."

"அத்தை..."

"போ. ஊட்டுக்குப் போ. வேலை கெடக்குது."

அவள் என்னை அதட்டி அதற்கு முன் நான் கேட்டதில்லை. திரும்பி நடக்கும்போது பின்னால் ஒரு காய் தரையில் விழும் சத்தம் கேட்டது. அவள் தவற விட்டிருக்கிறாள்.

அந்த வருடம் மீதிப் பருவம் முழுக்க அத்தை ஜூஸ் போடவில்லை. ராகி மூட்டைக்குள் இருந்த மூன்று பழமும் அழுகி, அம்மாதான் எடுத்துப் போட்டாள். அத்தை என்னோடு பேசினாள், தலை வாரி விட்டாள், எல்லாம் முன்போலத்தான். ஜூஸ் பற்றி மட்டும் ஒரு பேச்சும் இல்லை. மத்து சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இப்போது வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் போய் டைப்ரைட்டிங் படிக்கிறேன். அந்தச் சான்றிதழ் என் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. எந்த விண்ணப்பத்தோடும் அதை வைத்து அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

இந்த ஆடியில் நானே இரண்டு காய் வாங்கி ராகிக்குள் புதைத்தேன். ஐந்தாம் நாள் ஆட்டிப் பார்த்தேன். கையால் உரித்தேன். பாலை ஊற்றில் வைத்தேன். ஆணியிலிருந்து மத்தை எடுக்கும்போது அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைந்து, உப்பு போட்டு, ஒரு டம்ளர் கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

அத்தை டம்ளரை வெளிப்புறமாகத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

"அடுப்புல வெக்கலையே?"

"இல்ல அத்தை."

குடித்தாள். முழுவதையும் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குடிப்பதற்கு முன் அதே கேள்வியைக் கேட்கிறாள். பக்கத்தில் ஆள் இருந்தால் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். அவர்களும் என்னவென்று தெரியாமலே சிரிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சிரிக்காமல் கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது இரண்டும் எரிகின்றன. ஒவ்வொரு தடவையும், அன்றைக்கு டீச்சர் முன்னால் என் வாயில் வராத அந்த 'இல்ல'வை, அவள் காதில் விழுகிற மாதிரி, தலையை நிமிர்த்திச் சொல்கிறேன்.